மாட்டின் நிறமும் இனத்தின் தூய்மையும்

இணை ஓங்குத்தன்மைக்கு எடுத்துக்காட்டு எது என்று உயிரியல் மாணவரைக் கேட்டால், பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் மாடே விடையாக வரும். சிவப்புக் காளைக்கும் வெள்ளைப் பசுவுக்கும் பிறக்கும் கன்றின் உடலில் சிவப்பு மயிரும் வெள்ளை மயிரும் விரவிக் கிடக்கும். அந்நிறத்திற்கு ரோன் என்று பெயர். ரோனும் ரோனும் இணைந்தால் சிவப்பு, ரோன், வெள்ளை ஆகியவை 1:2:1 என்ற விகிதத்தில் தோன்றும். புனே நகரத்து மாணவருக்கும் பாடம் இதுவே. அந்நகரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில், உருளி காஞ்சனில், மணிபாய் தேசாய் 1967இல் தொடங்கிய பைஃப் நிறுவனம் கால்நடை இனப்பெருக்கத்தை ஒரு பேரியக்கமாகவே வளர்த்தது. ஆயினும் அம்மாநிலத்து மாடுகளின் நிறங்கள் மரபியல் பாடத்துக்குள் நுழைவதில்லை. அவை இனத் தூய்மைக்குச் சான்று கூறும் முத்திரையாக மட்டுமே பார்க்கப்படுகின்றன. இப்பார்வை அறிவியலுக்கும் பொருந்தாது, நாட்டு மாடுகளுக்கும் நன்மை செய்யாது.

ஷார்ட்ஹார்னின் வரலாறே இதற்கு முதற்சான்று. 1822இல் ஜார்ஜ் கோட்ஸ் வெளியிட்ட ஷார்ட்ஹார்ன் வம்சாவளி நூலே மாட்டினங்களுக்கான முதல் பதிவேடு. தூய இனம் என்ற கருத்துக்கு ஏட்டுவடிவம் தந்த அந்நூலில் சிவப்பும் வெள்ளையும் ரோனும் ஒரே இனமாக இடம்பெற்றன. தகுதியை முடிவுசெய்தது பெற்றோர் வழியே அன்றி மேனியின் நிறம் அன்று. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிவப்பு மோகம் பரவியது. நல்ல ரோன் காளைகள் ஒதுக்கப்பட்டன. நிறத்தைத் தவிர வேறு சிறப்பில்லாத சிவப்புக் காளைகள் விலைபோயின. இழப்பு அந்த இனத்துக்கே நேர்ந்தது.

இதனால் நிறம் பொருளற்றது என்று ஆகிவிடாது. வெள்ளை ஷார்ட்ஹார்ன் கிடாரிகள் சிலவற்றில் கருப்பையும் அதனைச் சார்ந்த பாதையும் முழுமையாக உருவாவதில்லை. சினைப்பைகள் இயல்பாக இருந்தும் அவை மலடாகின்றன. வெள்ளைக் கிடாரி நோய் என்றே அதற்குப் பெயர். ரோன் நிறத்துக்குக் காரணமான மாற்றம் 5ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் இருப்பதை 1999இல் ஆய்வாளர்கள் காட்டினர். நிறமிச் செல்கள் கருவில் இடம்பெயர்ந்து நிலைபெறுவதற்கு உதவும் புரதத்தை உருவாக்குவது அந்த மரபணு. ஆக, நிறம் சில வேளைகளில் உடலின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசுகிறது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை ஆய்ந்தே அறிய வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் அத்தகைய ஆய்வுக்குப் பொருள் குறைவில்லை. லாத்தூர்ப் பகுதியின் தேவணி மாட்டில் மூன்று வகைகள் உண்டு: வெண்ணிற உடலும் கறுப்பு படர்ந்த முகமும் கொண்ட வானேரா, பெரும்பாலும் வெள்ளையான பாலங்க்யா, உடலெங்கும் ஒழுங்கற்ற கறுப்புத் திட்டுகள் கொண்ட ஷேவேரா. மூன்றும் ஒரே இனம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கனமழையைத் தாங்கும் டாங்கி மாடும் புள்ளியும் திட்டுமாகவே காணப்படுகிறது. அதன் தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைக்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டா என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி.

தமிழ்நாட்டுக் காங்கேயம் மாடு இன்னும் நுட்பமான பாடத்தைத் தருகிறது. கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறமாக மாறுகிறது. முதிர்ந்த காளையின் திமிலும் முன்பின் பகுதிகளும் கருமை அடைகின்றன. காயடித்த எருதில் அக்கருமை தங்குவதில்லை. வயதும் ஆண்மைச் சுரப்பும் சேர்ந்து ஒரே உடலில் எழுதும் நிறம் அது. மயிலை, செவலை, காரி என்று உழவர் வைத்த பெயர்கள் பல தலைமுறைக் கவனிப்பின் தொகுப்பு. ஆய்வேடுகள் அவற்றை நாட்டார் வழக்காக ஒதுக்கிவிடலாகாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. வம்சாவளி ஏடு இல்லாத நாட்டில், கட்டுப்பாடற்ற கலப்பைக் கண்டறிய உழவருக்குக் கிடைக்கும் எளிய அடையாளம் நிறந்தானே என்பது அது. ஆனால் அந்த அடையாளம் எளிதில் ஏமாற்றும். ஹோல்ஸ்டைன் மாட்டின் கறுப்பு ஓங்கு பண்பு. கலப்பினப் பசுவை நாட்டுக் காளையோடு இணைத்தால் பிறப்பவற்றுள் ஏறத்தாழப் பாதிக் கன்றுகளில் அந்தக் கறுப்பு மறைந்துவிடும். அயல் மரபின் கால்பங்கோ உள்ளேயே இருக்கும். மறுபுறம், முழு நாட்டு மரபுடைய கன்று ஒன்று வரையறையில் இல்லாத திட்டு ஒன்றோடு பிறந்த குற்றத்துக்காக இனப்பெருக்கத்திலிருந்து விலக்கப்படலாம். முன்னது தூயதென ஏற்கப்படுகிறது. பின்னது கலப்பென ஒதுக்கப்படுகிறது.

செயற்கைக் கருவூட்டல் இப்பிழையைப் பன்மடங்கு பெருக்கும். ஒரு காளையின் உறைவிந்து ஆயிரக்கணக்கான பசுக்களைச் சென்றடைகிறது. அக்காளை நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அதன் உடலில் மறைந்துள்ள ஒடுங்கு குறைபாடும் அதே வேகத்தில் பரவும். எண்ணிக்கை சுருங்கிவரும் இனங்களில், நிறம் பொருந்தாத ஒவ்வொரு காளையையும் கழிப்பது எஞ்சியிருக்கும் மரபு வேறுபாட்டையும் கழிப்பதாகும்.

மாற்றுவழி கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. ஹைதராபாத்தின் தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் இண்டிகௌ என்ற மரபணுச் சில்லை நாட்டு மாடுகளுக்கென்றே வெளியிட்டது. காளைத் தேர்வில் வம்சாவளிக் குறிப்பும் அத்தகைய சோதனையும் முதலிடம் பெறட்டும். நிறம் துணைக்குறிப்பாக நிற்கட்டும். வரையறைக்குப் புறம்பான நிறத்தோடு பிறக்கும் கன்றுகளைக் கழிப்பதற்குமுன் புகைப்படம், பெற்றோர் விவரம், உழவர் வழங்கும் பெயர் ஆகியவற்றோடு ஆவணப்படுத்துவதைப் பல்கலைக்கழகங்கள் தம் கடமையாகக் கொள்ளட்டும். புனே மாணவருக்கு ஷார்ட்ஹார்னோடு தேவணியும், கோவை மாணவருக்குக் காங்கேயமும் பாடமாகட்டும். இன்று கழிக்கப்படும் கன்றிடம் நாளைய ஆய்வாளர் எந்தக் கேள்வியையும் கேட்க முடியாது.