வளவு வாங்குமுன் ஒரு மாரி பாருங்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. காணியைப் பார் என்று முன்னோர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காணி பரம்பரையாக வந்தது. மாரியில் எந்த மூலையில் வெள்ளம் நிற்கும் என்பது வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. இன்றோ பெரிய வளவுகளைத் துண்டுகளாகப் பிரித்து, அறியாதவருக்கு அறியாதவர் விற்கின்றனர். மகளின் சீதனத்துக்கென்றோ, ஓய்வூதியப் பணத்தைக் கொண்டோ ஒரு குடும்பம் வாங்கும் அத்துண்டு, பெரும்பாலும் அதன் வாழ்நாட் சேமிப்பு முழுவதுமாகும்.

திருகோணமலைப் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக் காற்றோடு வருகிறது. விலை பேசப்படும் நிலமோ சித்திரை வைகாசியிற் காய்ந்து, பார்வைக்கு அழகாய்க் கிடக்கும். பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்தியிருந்தால் கண்ணுக்கு அது புலப்படாது. ஆனால் அங்கே தங்கி வந்த நீர் மறைந்துவிடுமா? அடுத்த மாரியில் அயலவர் முற்றத்தை அது தேடிச் செல்லும்.

நில அளவையாளர் கைச்சாத்திட்ட வரைபடத்தைக் கண்டதும் எல்லாம் முடிந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். அக்கைச்சாத்து எல்லைக்கும் பரப்பளவுக்கும் மாத்திரமே சாட்சி. அந்நிலத்தைக் கூறிட்டுக் குடியிருக்க விடலாமா என்பது வேறு கேள்வி. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்கீழ்ப் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில், நிலத்தைப் பிரிக்கவும் அனுமதி பெற வேண்டும். பாதையின் அகலம் போதுமா, மழைநீர் எந்த வாய்க்காலுக்குப் போகும், கழிவுநீர் எங்கே சேரும், பிள்ளைகள் விளையாட இடமுண்டா என்பனவற்றை வரைபடத்தை ஆராய்வோர் பார்த்தல் வேண்டும். ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரிக்கையில் பத்திலொரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்குமாறு 1986ஆம் ஆண்டின் விதிகள் கூறின. ஒரு துண்டின் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சஸ் எனவும் அவை வகுத்தன.

மாணவர்கள் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். 6 பேர்ச்சஸ் நிலம் சதுரமாயின் ஒரு பக்கம் சுமார் 40 அடி. மூலைக்கு மூலை சுமார் 57 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்குமிடையே 50 அடி வேண்டுமென்பது சுகாதாரப் பரிசோதகர் வழக்கமாகக் கூறும் அளவு. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வெட்டினால் மட்டுமட்டாகத் தப்பலாம். ஆனால் உங்கள் கிணற்று மூலைக்கு அப்பால் அயலவர் தமது குழியை வெட்டினால் யாது செய்வீர்கள்? ஆகவே குழியின் இடம் தனி வீட்டுக்காரரின் விஷயமன்று. துண்டுகள் விற்குமுன் முழு வரைபடத்திலும் தீர்க்க வேண்டிய விஷயமாகும். கந்தளாய்க் குளத்து நீர் குழாய் வழியே வரும் வீட்டுக்கும் இது பொருந்தும். கிணறு இல்லாத வளவிலும் குழி உண்டு. கரையோர மணலில் ஊறும் கழிவு ஈற்றில் குடாவையே சேரும்.

கடலையும் மறத்தலாகாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும்; அங்கே கட்டடம் எழுப்பத் தனி அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் மூதூரும் கிண்ணியாவும் நிலாவெளியும் கண்ட அழிவை நாம் அறிவோம். அதன்பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென விதித்து, பின்னர் அதனைத் தளர்த்தினர். விதி தளர்ந்ததனாற் கடல் விலகிச் சென்றுவிடவில்லை.

பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடற் சட்டம் காவலாக உண்டு. 1,000 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம், 4 ஹெக்டயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புதல், 1 ஹெக்டயருக்கு மேல் காடழித்தல் முதலியவற்றை 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி ஆய்வுக்கு உட்படுத்தியது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதப்படின், அதனைப் பார்வையிட்டுக் கருத்துக் கூறப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு. ஆனால் நாற்பது துண்டுள்ள சிறு வளவு பெரும்பாலும் இவ்வலைக்குள் அகப்படுவதில்லை. அத்தகைய வளவுகள் பத்து அடுத்தடுத்து எழுந்தால், வாய்க்காலும் கண்டற் காடும் ஒரு பெருந்திட்டத்தினால் அழிவது போலவே அழியும். எனவே சிறு வளவுக்கு உள்ளூராட்சிச் சபையின் மேசையே முதற் காவல். பல வேளைகளில் அதுவே கடைசிக் காவலுமாகும்.

ஆதலால் முற்பணம் கொடுக்குமுன் சபைக்குச் சென்று, அங்கீகாரம் பெற்ற உட்பிரிவு வரைபடத்தைக் காட்டுமாறு கேளுங்கள். வடிகாலும் பொதுவிடமும் அதில் உள்ளவாறே நிலத்திலும் உள்ளனவா என்று நடந்து பாருங்கள். அயல்வீட்டு முதியவரிடம், சென்ற மாரியில் வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என விசாரியுங்கள். இயலுமாயின் கார்த்திகை மழையில் மறுபடியும் ஒருமுறை போய்ப் பாருங்கள். "இன்றே கொடுத்தாற்றான் இந்த விலை" என்று தரகர் அவசரப்படுத்துவார். அவ்வளவு அவசரப்பட வேண்டிய காணியை விட்டுவிடுவதே குடும்பத்துக்கு நலம்.