தாயகம் திரும்பியோரும் நமது கடமையும்

“தாயகம் திரும்பியோர்” என்பது நமது சர்க்கார் தஸ்தாவேஜுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்றொடர். செவிக்கு இனிய அச்சொற்றொடர் எவர்களைக் குறித்து எழுதப்பட்டதோ, அவர்களிற் பெரும்பாலோர் இந்நாட்டை அதற்குமுன் கண்ணாலும் கண்டவரல்லர். பாட்டன் கடல் கடந்து போனான். பேரன் முதன்முறையாக இக்கரையிற் கால் வைத்தான். போகாத இடத்திற்கு ஒருவன் திரும்புவது எங்ஙனம்? இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த நமது சகோதரரின் வாழ்வை ஆராய்வார்க்கு முதலில் எழும் கேள்வி இதுவே.

சரித்திரத்தைச் சுருங்கக் கூறுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டுக் கங்காணிகளின் பின்சென்ற ஏழைகள், இலங்கை மலைகளில் முதலிற் காப்பியையும் பின்னர்த் தேயிலையையும் விளைவித்தனர். 1948-ல் சுதந்திரம் பெற்ற இலங்கை, அவ்வருஷத்திலேயே இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30-ந் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கெடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அது வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு சர்க்கார்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நிலத்தைப் பாகம் பிரிக்கும் வழக்கிற்கூட அதிற் குடியிருப்போனைக் கேளாமல் தீர்ப்புரைப்பது முறையன்று என்பர். இங்கே மனிதரையே பாகம் பிரித்தபோது, பிரிக்கப்பட்டவரைக் கலந்துகொள்வார் எவருமிலர். அண்ணனுக்கு இந்தியப் பிரஜையென்ற பத்திரம். தம்பிக்கு இலங்கைப் பிரஜையென்ற பத்திரம். இங்ஙனம் பிளவுண்ட குடும்பங்கள் பல.

வந்தவர் நாலரை லட்சத்துக்கு மேற்பட்டோர். தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கையில் ஒரு குடும்ப அட்டையுடன் இவர்கள் நாடெங்கும் அனுப்பப்பட்டனர். சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையென்று கூறுதல் நியாயமன்று. 1968-ல் நீலகிரியில் இவர்களுக்கென்றே தேயிலை பயிரிடும் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. 1969-ல் தாயகம் திரும்பியோருக்கென ஒரு கூட்டுறவு வங்கி தோன்றியது. நூற்பாலைகளிலும் சிலருக்கு இடங்கிடைத்தது. ஆயினும் பெருந்தொகையினருக்கு அளிக்கப்பட்டது யாது? வியாபாரக் கடன்! மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறிப்பதையும் கவாத்து வெட்டுவதையுமன்றி வேறொரு தொழிலும் அறியாதவனை, தராசும் படியும் வாங்கிக் கடை வை என்று முன்பின் அறியாத ஊருக்கு அனுப்பினோம். முதல் சில மாதங்களிற் சோற்றுக்கே கரைந்தது. கடன் மட்டும் ஏட்டில் நின்றது.

அத்தொழிலாளி விட்டுவந்த வாழ்வு சொர்க்கமன்று. லயன் காம்பராவின் ஓரறையிலே ஒரு குடும்பம் முழுதும் முடங்கிக் கிடந்ததை அறிவோம். எனினும் அங்கே மாதம் பிறந்தாற் சம்பளம் வரும். ஆணோடு பெண்ணும் சம்பாதிப்பாள். குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கூடையை எடுக்கலாம். இங்கு வந்து பார்த்தால் மழை பெய்தாற்றான் வேலை. வேலை கிடைப்பதற்கும் ஒருவன் சிபாரிசு வேண்டும். எந்தத் தெருவில் வீடு, எந்தக் கிணற்றில் நீர் என்பதற்கெல்லாம் முன்னே சாதி விசாரணை. பனி மலையிற் பிறந்த உடம்பு வறண்ட சமவெளியின் வெயிலிற் காய்ந்தது. ஆகவே பலர் மறுபடியும் மலையைத் தேடி ஏறினர்.

அவர்கள் ஏறிய மலைகளுள் ஒன்று நமக்கு அயலதன்று. பெரியகுளம் தாலுகா வடுகபட்டியின் சந்தைக்குப் பூண்டு மூட்டைகள் இறங்கிவருகின்றனவே, அந்தக் கொடைக்கானல் மலைதான். தாயகம் திரும்பியோரிற் பலர் அங்கே மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் சென்றனர். முன்பணம் வாங்கிய அவர்களுட் சிலர் கொத்தடிமைகளாகச் சிக்கிக் கிடந்த செய்தி 1980-களில் வெளியாயிற்று. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே இயற்றப்பட்டிருந்தது! கங்காணியின் கடனிலிருந்து தப்பியவன் பேரனை, காண்டிராக்டரின் கடனிற் கொண்டுபோய்த் தள்ளிய இந்நாட்டை, அவன் எவ்வாறு தாயகமென்று அழைப்பான்?

இடம் பெயர்ந்தாரின் துயரம் வடுகபட்டிக்குப் புதிதன்று. 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டபோது, அதன் நீர்ப்பரப்புக்காக ஊரை இழந்த குடிகள் சுற்றுப்புறங்களில் ஒதுங்கினர். அங்ஙனம் மேட்டூரென்னும் சிற்றூரை விட்டு வடுகபட்டிக்கு வந்த குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர் கவிஞர் வைரமுத்து. அத்துயரைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003-ம் வருஷத்துச் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. அக்குடிகள் பெயர்ந்தது சில மைல் தூரமே. பேச்சு ஒன்று, உறவு அருகில், வெயிலும் மழையும் பழகியவை. அங்ஙனமிருந்தும் அந்த வேதனை ஒரு காவியத்துக்குப் பொருளாயிற்று என்றால், கடல் கடந்து உறவறுந்து வந்தவன் வேதனைக்கு அளவு கூறவும் வேண்டுமோ?

“உள்ளூர் ஏழைக்கே கஞ்சியில்லை, வந்தவனுக்கு மட்டும் தனிச் சலுகை ஏன்?” என்று கேட்பார் உளர். கேள்வி தள்ளத்தக்கதன்று. ஆனால் உள்ளூர் ஏழைக்குப் பணமில்லாவிடினும் முகமுண்டு. மளிகைக் கடைக்காரன் அவன் தகப்பனை அறிவான். கடன் சொன்னால் அரிசி அளப்பான். கிராமக் கணக்கில் அவன் பெயருண்டு. சாதிச் சான்றிதழுக்குச் சாட்சி சொல்லப் பத்துப் பேருண்டு. வந்தவனுக்கு இவையொன்றும் இல்லை. சர்க்கார் கொடுத்த பணத்தால் அரிசி வாங்கலாம். ஊராரின் நம்பிக்கையை வாங்க இயலாது. வந்தவனுக்குக் குறைந்தது பணத்தினும் இந்த நாணயமே என்பது நமது அபிப்பிராயம்.

இதற்குப் பர்மாவிலிருந்து வந்தோரின் வரலாறே சான்று. 1964-ல் நீ வின் ஆட்சி வியாபாரத்தையெல்லாம் தேசிய உடைமையாக்கியபோது, ஏறக்குறைய வெறுங்கையுடன் வந்தவர் அவர்கள். எனினும் சென்னைத் துறைமுகத்தருகே பர்மா பஜாரை அமைத்து, பல ஊர்களிற் பர்மா காலனிகளிற் கூடி வாழ்ந்து, விரைவில் வேரூன்றினர். அவர்களுட் பலர் முன்னமே வியாபாரம் அறிந்தவர். மேலும் ஒருவரையொருவர் தாங்கும்படி ஒரே இடத்தில் நின்றனர். இரண்டும் வாய்த்தால் மனிதன் பிழைக்கிறான். அறிந்த தொழிலையும் அறிந்த முகத்தையும் ஒருங்கே பறித்துவிட்டுப் பணத்தை மட்டும் நீட்டினால் வீழ்கிறான்.

இது பழங்கதையென்று எவரும் ஒதுக்கற்க. நீலகிரியில் தேயிலைக் கழகம் தன் நிலத்தில் இரண்டாயிரம் எக்டருக்கு மேற்பட்டதை வன இலாகாவுக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் உத்தரவாயிற்று. தோட்ட வீட்டிலேயே வாழ்நாளைக் கழித்த தொழிலாளி, ஓய்வு பெற்றபின் எங்கே போவான் என்ற கேள்வி அதனால் மீண்டும் கூர்மையாயிற்று. 1983-க்குப் பின்னர் அகதிகளாய் வந்தவரிலும் இந்திய வமிசாவளித் தோட்டத் தமிழர் உளர். அவர்களிற் சிலர் பிரஜாவுரிமை கோரித் தொடுத்த வழக்கில், அவர்தம் மனுக்களைப் பரிசீலிக்க வேண்டுமென்று 2019-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தீர்ப்பளித்தது. 2021-ல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் நன்று, பொருளும் அதனைத் தொடர்தல் வேண்டும்.

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறுவது இரண்டு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவனுக்கு, அவன் சுற்றத்தார் வாழும் இடத்தருகே பட்டாவுடன் ஒரு வீடு வேண்டும். முகாமில் இருக்கும் இந்திய வமிசாவளியினரின் பிரஜாவுரிமை மனுக்களுக்கு, காலவரம்பு குறித்து முடிவு கூறுதல் வேண்டும்.

தேசத் தொண்டர்களாகிய நமக்கு உள்ள கடமை இதனினும் பெரிது. 2020-ல் கொள்ளைநோய் காரணமாக வளைகுடா நாடுகளிலிருந்து வேலையிழந்து வந்தோரை நம் கிராமங்களிற் பலர் ஐயத்தோடு நோக்கினர். இனியும் எங்கேனும் ஒரு கலகமோ பஞ்சமோ நேரின், மீண்டும் கூட்டங்கள் வரும். வருபவனைச் ‘சிலோன்காரன்’ என்று சுட்டாது அவன் பெயர் சொல்லி அழைப்பதற்கும், சான்றிதழுக்குச் சாட்சி நிற்பதற்கும், அவன் குழந்தையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்திற் சேர்ப்பதற்கும் எந்தச் சட்டமும் வேண்டுவதில்லை. கப்பல் மனிதனைக் கரையில்தான் இறக்கும். அவனை ஊருக்குள் அழைத்துவர வேண்டியவர் ஊரார்.