கேயாசி இன்றும் ஓடிவருகிறான்



2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தை நாகமானின் குஷ்டரோகம் நீங்கிய அற்புதத்திற்காகவே நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். அவன் யோர்தானில் ஏழுதரம் முழுகி எழுந்ததோடு பிரசங்கமும் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் ஒரு பண மோசடி, தொடக்கம் முதல் முடிவு வரை, பதிவாகியிருக்கிறது. இந்த வாரம் அதைச் சற்று நிதானமாக வாசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எலிசா காணிக்கை எதையும் வாங்க மறுத்துவிட்டார். நாகமான் புறப்பட்டுச் சிறிது தூரம் போனபின், வேலைக்காரனாகிய கேயாசி பின்னால் ஓடுகிறான். தன் எஜமான் அனுப்பியதாகச் சொல்லுகிறான். எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரண்டு வாலிபர் இப்பொழுதுதான் வந்திருக்கிறார்களாம். அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வேண்டுமாம். நாகமான் இரண்டு தாலந்தாகவே வாங்கிக்கொள்ளும்படி வருந்திக் கொடுத்தனுப்புகிறான். ஒரு தாலந்து என்பது முப்பது கிலோவுக்கு மேற்பட்ட வெள்ளி.

இதிலுள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். மதிப்பிற்குரிய ஒருவருடைய பெயர், திடீரென்று எழுந்த ஒரு தேவை, இரக்கத்தைத் தூண்டும் இரண்டு வாலிபர், நாகமான் கொண்டுவந்த செல்வத்தோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தோன்றாத ஒரு தொகை. எலிசாவின் வீடு பின்னால் சிறிது தூரத்தில்தான் இருந்தது. ஓர் ஆளைத் திருப்பி அனுப்பி விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நாகமான் அதைச் செய்யவில்லை. அவன் மூடனா? சீரியாவின் சேனாபதி, யுத்தங்களை நடத்தியவன். அன்றைக்கு அவன் உள்ளம் நன்றியால் நிறைந்திருந்தது. கேயாசி குறிவைத்தது அந்த நன்றியையே.

இன்று உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சுமந்து வருகிறது. போதகரின் புகைப்படம் இருக்கும், பெயரும் இருக்கும், எண் மட்டும் புதிது. "நான் ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், பேச இயலாது. ஒரு குடும்பத்திற்கு மருத்துவமனையில் அவசரம். பதினைந்தாயிரம் அனுப்ப முடியுமா? மாலையில் தந்துவிடுகிறேன்." பல நாடுகளில் சபைகளைக் குறிவைத்தே இந்த ஏமாற்று நடந்துவருகிறது, சில தேசங்களில் பணத்துக்குப் பதிலாகப் பரிசு அட்டைகளை வாங்கி அவற்றின் எண்ணை அனுப்பச் சொல்லுவார்கள். ஆகவே இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்: சபையின் பெயராலோ என் பெயராலோ தனிப்பட்ட செய்தியில் பணம் கேட்கப்பட்டால் அனுப்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள என் பழைய எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். நள்ளிரவானாலும் அழையுங்கள். அது என்னைச் சந்தேகிப்பதாகாது. தன் நிருபங்கள் மெய்யானவை என்று சபையார் அறியும்படி, பவுல் தன் கையெழுத்தையே அடையாளமாகக் காட்டினார் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் காண்கிறோம். தன் பெயரால் பொய்யான நிருபம் வரக்கூடும் என்று அதே நிருபத்தில் அவரே எச்சரிக்கவும் செய்தார். அப்போஸ்தலனே சோதித்தறிய இடங்கொடுத்திருக்க, போதகன் எதற்காக வருத்தப்பட வேண்டும்?

நன்றியையும் அன்பையும் குறிவைப்பது ஒருவகை. பயத்தைக் குறிவைப்பது மற்றொன்று. இரண்டாவது மிகக் கொடியது.

நேகேமியா 6-ஆம் அதிகாரத்தில் செமாயா என்பவன் வருகிறான். இரவிலே உன்னைக் கொல்ல வருகிறார்கள், ஆலயத்துக்குள் போய்க் கதவுகளைப் பூட்டிக்கொள்வோம் என்பது அவனுடைய ஆலோசனையின் சாரம். ஆபத்து, இரவு, பூட்டிய கதவு. அவன் தொபியாவிடமும் சன்பல்லாத்திடமும் கூலி வாங்கியவன் என்று நேகேமியா பிறகு உணர்ந்துகொள்கிறார். இன்று 'டிஜிட்டல் கைது' என்று சொல்லப்படும் மோசடிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னடையாளம் வேதத்தில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு வாங்கிய சிம் அட்டை குற்றத்தில் பயன்பட்டது என்றோ முதல் அழைப்பு வரும். பிறகு காணொளி அழைப்பு. சீருடை அணிந்த ஒருவர். பின்னால் அரசு முத்திரை. நீதிமன்ற ஆணை என்று ஒரு தாளும் காட்டப்படும். அறைக்கதவைச் சாத்துங்கள், கேமராவை அணைக்காதீர்கள், பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதீர்கள், சொன்னால் அவர்களும் கைதாவார்கள் என்பார்கள். கடைசியில், சரிபார்ப்பதற்காக உங்கள் சேமிப்பை 'ரிசர்வ் வங்கிக் கணக்கு' ஒன்றுக்கு மாற்றச் சொல்லுவார்கள். பலர் மணிக்கணக்காக அல்ல, நாட்கணக்காக இந்தச் சிறையில் இருந்திருக்கிறார்கள். சிறைக்கதவின் தாழ்ப்பாளோ அவர்கள் பக்கத்திலேயே இருந்தது.

இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தம் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். 2025 அக்டோபரில், தன் பெயரிலேயே போலி ஆணைகள் புழங்குவதைக் கண்டு, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. காணொளியில் கைது செய்யவோ, கைப்பேசியில் பணம் கேட்கவோ எந்தக் காவல் அதிகாரிக்கும் அதிகாரமில்லை. ஆனாலும் இத்தகவல் ஒன்று மட்டும் போதாது. பயம் வந்த நேரத்தில் தகவல் நினைவுக்கு வருவதில்லை. பக்கத்தில் இன்னொரு மனிதர் இருக்கவேண்டும். எனவேதான் எல்லா மோசடிக்காரரும் முதலாவது கேட்பது பணத்தை அல்ல, இரகசியத்தை. யாரிடமும் சொல்லாதே என்ற வார்த்தை காதில் விழுந்தவுடனே, அதை மீறுவதே உங்கள் முதல் கடமையாக இருக்கட்டும். அழைப்பைத் துண்டித்து, யாரையாவது கூப்பிடுங்கள்.

இங்கே நான் சபையோடும் ஒன்று பேசவேண்டியிருக்கிறது. சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

ஓய்வூதியத்தில் தனித்து வாழும் ஒரு சகோதரியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் விட்டுச்சென்ற வைப்புத்தொகையை இப்படி இழக்கிறார். காவல்நிலையத்துக்குப் போகவில்லை, வெளியூரிலுள்ள மகனிடம் சொல்லவில்லை. ஆராதனைக்கு வருவதையும் மெல்லக் குறைத்துக்கொள்கிறார். ஏன்? சொன்னால் என்ன கேட்போம் என்று அவருக்குத் தெரியும். "படித்தவர்தானே, இதுகூடத் தெரியாதா?" "ஜெபித்திருந்தால் ஆவியானவர் உணர்த்தியிருப்பாரே." இவ்விரண்டு கேள்விகளும் நம் வாயிலிருந்து புறப்படுகிறவரையில், மோசடிக்காரனுக்கு நம் சபைக்குள்ளேயே உதவியாளர்கள் இருக்கிறார்கள் என்றே சொல்லுவேன். அவன் விதித்த இரகசியத்தை நாம் நம்முடைய ஏளனத்தினால் காத்துக்கொடுக்கிறோம். நாகமானுடைய கதைக்குத் திரும்பிப் பாருங்கள். எலிசா விசாரித்தது கேயாசியை. ஏமாந்த நாகமானைக் குறித்து அந்த அதிகாரத்தில் ஒரு கடிந்துரைகூட இல்லை.

இது உணர்ச்சி சார்ந்த காரியம் மட்டுமல்ல. இதில் நேரமும் பணமும் அடங்கியிருக்கின்றன. ஏமாற்றப்பட்ட பணம் ஒரே கணக்கில் தங்கியிருப்பதில்லை. சில நிமிடங்களில் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவும். பிறகு ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், அந்தப் புகார் வங்கிகளுக்குச் சென்று, பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்கப்பட வழியுண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவுசெய்யலாம். வெட்கத்தில் கழிந்த ஓர் இரவு, பணம் போய்ச்சேர்ந்த இரவாகிவிடும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையும் நேரத்தையே அளவுகோலாக வைத்தது. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் நீங்கள் அறிவித்தால் இழப்பு உங்களுடையதாகாது என்று அது கூறியது. ஓடிபியையோ ரகசிய எண்ணையோ நீங்களே கொடுத்திருந்தால், அறிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பை நீங்கள் ஏற்கவேண்டும் என்றும் அது கூறியது. அறிவித்த பிறகு ஏற்படுவது வங்கியைச் சேரும் என்றது. எப்படிப் பார்த்தாலும் வாய்திறப்பதே இலாபம்.

அடையாளத் திருட்டைப் பற்றிச் சொல்லுகையில் யேசபேலை மறக்கமுடியாது. அவள் ஆகாபின் பெயரால் நிருபங்களை எழுதி, அவனுடைய முத்திரையைப் போட்டு அனுப்பினாள். நாபோத்தின் திராட்சத்தோட்டமும் போயிற்று, உயிரும் போயிற்று. முத்திரை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் அதிகாரமும் இருக்கிறது. நம் காலத்து முத்திரை ஆதார் எண்ணும், விரல்ரேகையும், கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கமும். நாமோ ஜெராக்ஸ் கடை மேசையில் ஆதார் நகலை விட்டுவிட்டு வருகிறோம். தங்கும் விடுதியில் கேட்டவுடன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கம் செய்யலாம். முழு எண் தேவைப்படாத இடங்களில் அதுவே போதும். ஆதார் எண்ணும் விரல்ரேகையும் இருந்தால் பணம் எடுக்க வழி இருப்பதால், அதைப் பயன்படுத்தாதவர்கள் விரல்ரேகையைப் பூட்டிவைப்பது நலம். அதற்கும் அதே தளத்தில் வசதி உண்டு. உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளம் காட்டிவிடும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று அறிய, சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமும் வருடத்திற்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை பெறலாம். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வரவேண்டும், எண்ணை அழுத்துங்கள் என்று எவராவது சொன்னால், அவர் உங்கள் பணத்தை எடுக்க நிற்கிறார்.

சபைகளும் இதில் சீர்ப்படவேண்டும். குடும்பங்களின் பிறந்தநாள், திருமணநாள், முகவரி, கைப்பேசி எண், புகைப்படம் ஆகிய அனைத்தையும் அச்சிட்டு வீட்டுக்கு ஒரு புத்தகமாகக் கொடுப்பதை நாம் ஐக்கியத்தின் அடையாளமாகக் கருதிவந்தோம். இன்று அப்புத்தகம் தவறான கையில் கிடைத்தால், ஒரே நாளில் முழுச் சபையையும் பெயர் சொல்லி அழைக்க அதுவே போதும். பெயரும் பகுதியும் இருந்தால் போதுமானது. மற்றவை அலுவலகப் பதிவேட்டில் இருக்கட்டும்.

மற்றொன்றையும் தயங்காமல் எழுதுகிறேன். காணிக்கை கொடுத்தால் பலமடங்காகத் திரும்பிவரும் என்று பிரசங்க பீடங்களிலிருந்து திரும்பத்திரும்பச் சொல்லப்பட்டதைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும் என்ற முதலீட்டு அழைப்பு அந்நியமாகத் தோன்றுவதில்லை. அழைப்பவர் ஜெபக்குழுவைச் சேர்ந்தவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். தாம் ஏமாந்திருப்பதை அறியாமலே மற்றவர்களை அழைத்திருக்கலாம். அவருடைய சாட்சி ஒன்று, அவர் காட்டும் திட்டம் வேறொன்று.

வாலிபர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. உன் வங்கிக் கணக்கைச் சில நாட்கள் பயன்படுத்தக் கொடு, வரும் பணத்தில் பங்கு தருகிறோம் என்று எவராவது கேட்டால், திருடிய பணம் கடந்துபோகும் வாய்க்காலாக உங்களை ஆக்கப் பார்க்கிறார்கள். காவல்துறை முதலில் வந்து நிற்கும் வாசல் கணக்குக்கு உரியவருடையது. அதுபோலவே, தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று, மியான்மர் எல்லையில் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, மோசடி அழைப்புகளைச் செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். 2022-இல் அவர்களில் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். உங்களை மிரட்டும் குரலுக்குப் பின்னால் அடிபட்டுக்கொண்டிருக்கும் ஒருவனும் இருக்கக்கூடும். அதற்காக அழைப்பைத் தொடராதீர்கள். துண்டித்தபின் அவனுக்காக ஜெபியுங்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த சிலர் ஆலயத்தின் பக்கத்து அறையில் அமர்ந்திருப்பார்கள். மூத்தோர் தங்கள் கைப்பேசிகளோடு வாருங்கள். விரல்ரேகையைப் பூட்டுவதையும், 1930 எண்ணைச் சேமிப்பதையும் உடனிருந்து சொல்லித்தருவார்கள். ரகசிய எண்ணை மட்டும் அவர்களிடமும் சொல்லவேண்டாம்.