இரு சக்கரத்துக்கு இடமில்லாத நான்குவழிச் சாலை

பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை பெருங்களத்தூர் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். ஆம்னி பஸ் கட்டணத்தைக் கேட்டு மலைத்தவர்களும் அரசுப் பேருந்தில் இடம் கிடைக்காதவர்களும் பைக்கிலேயே ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். பெட்ரோல் டேங்க் மீது ஒரு பை, பின்னால் மனைவி, நடுவில் குழந்தை. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சிலர் திருச்சி வரைக்கும்கூட. பரனூர் சுங்கச்சாவடியின் இடது ஓரத்துச் சந்தில் நுழைந்து, காசு கொடுக்காமல் வெளியே வருவார்கள். அந்தச் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை முழுவதிலும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தனி வழி பெரும்பாலும் அந்தச் சந்து ஒன்றுதான்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு 2 சதவீதம் சொச்சம்தான். இறந்தவர்களில் 61,038 பேர், அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல், அந்த 2 சதவீதத்தில் உயிரை விட்டவர்கள். எல்லாச் சாலைகளையும் சேர்த்துப் பார்த்தால் பலியானவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடே முதலிடம்: 64,105.

புள்ளிவிவரம் வந்ததும் பழி பைக் ஓட்டியவர் மீது விழும். ஹெல்மெட் போடவில்லை, வேகமாகப் போனார், எதிர்த்திசையில் வந்தார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஹெல்மெட் அணியாமல் அதே ஆண்டில் இறந்தவர்கள் மட்டும் 50,000 பேருக்கு மேல். ஆனால் சாலையின் அமைப்பே அவரை எங்கே தள்ளுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான்குவழிச் சாலையில் மெதுவாகப் போகிறவர் இடது தடத்தில் போக வேண்டும் என்பது விதி. நடப்பது வேறு. இடது ஓரத்தில் டீக்கடைக்காக நிறுத்திய லாரி, பயணிகளை இறக்கும் பஸ், மாடு. இந்தத் தொல்லைக்குப் பயந்து சரக்கு லாரிகள் வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு 50 கிலோமீட்டர் வேகத்தில் அசைந்து போகும். பின்னால் 100இல் வரும் காருக்குப் பொறுமை இருக்காது. இடது பக்கம் ஒடித்து முந்தும். அங்கேதான் பால் கேன் கட்டிய மொபெட் போய்க்கொண்டிருக்கும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள் கார் 40 மீட்டர் ஓடியிருக்கும். தொட்ட பிறகு நிற்க இன்னும் 50 மீட்டருக்கு மேல் வேண்டும். இரவில் லோ பீம் காட்டும் தூரமோ இதில் ஏறக்குறைய பாதிதான். விளக்கில்லாமல், ரிஃப்ளெக்டரும் இல்லாமல் நிற்கும் லாரியின் பின்புறம் கண்ணுக்குத் தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. நாட்டில் பின்னால் வந்து மோதும் விபத்தே எண்ணிக்கையில் முதலிடத்தில் இருப்பதில் வியப்பில்லை.

ராங் சைடில் வருகிறவர்களைத் திட்டாத கார்க்காரர் கிடையாது. ஊரை நடுவே வெட்டிக்கொண்டு சாலையைப் போட்டுவிட்டு, வயலுக்குப் போக வேண்டியவரை இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள திருப்பத்துக்குப் போய்த் திரும்பி வா என்றால், அவர் ஓரமாக எதிர்த்திசையில்தான் வருவார். தவறுதான். ஆனால் அணுகுசாலை இருந்திருந்தால் அவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

பெங்களூரு – மைசூரு சாலையில் இதற்கு ஒரு விடை தேடினார்கள். பிரதான ஆறு வழிகளில் பைக், ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை. அதோடு வேகத்தைப் பிடிக்கும் கேமராக்களும் வந்தன. சாவு எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. தடையால் மட்டும் வந்த பலன் அல்ல அது. இருபுறமும் இரண்டிரண்டு வழி அணுகுசாலை இருந்ததால்தான் தடை போட முடிந்தது. அந்த அணுகுசாலையும் சில இடங்களில் அறுந்துபோகிறது என்று உள்ளூர்க்காரர்கள் குறைப்பட்டது வேறு கதை.

தமிழ்நாட்டில் அடிபட்டவரைக் காப்பாற்றும் ஏற்பாடு பரவாயில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில், இதே திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில், தொடங்கப்பட்டது. அந்த அக்கறையில் பாதியாவது அடிபடுவதற்கு முன்னால் வேண்டும். வேகத்திலும் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. விரைவுச் சாலைகளில் 120 வரை போகலாம் என்ற 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கையை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொஸ்கோட்டே வரை 262 கிலோமீட்டர் நீளத்துக்குச் சென்னை – பெங்களூரு விரைவுச் சாலை உருவாகிறது. கார்கள் அதில் ஏறிப் பறந்துவிடும். சுங்குவார்சத்திரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் தொழிலாளியின் பைக், ஆறுவழியாக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் பழைய சாலையில்தான் கன்டெய்னர் லாரிகளோடு ஓடும். புதிய சாலைக்கு ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால், பழைய சாலையின் அணுகுசாலை எந்தெந்த ஊரில் விட்டுப்போயிருக்கிறது, எங்கே விளக்கு எரியவில்லை, லாரிகள் ஒதுங்கி நிற்க எங்கே இடம் இல்லை என்று ஆட்சியர்கள் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்கள் பட்டியல் போட்டு நெடுஞ்சாலை ஆணையத்திடம் தேதி கேட்க வேண்டும்.