அக்கா தங்கச்சி கையெழுத்து எங்கே?

"நிலம் வாங்கப் போறேன், பேப்பரைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று பழைய மாணவர்கள் வருவதுண்டு. கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டுதான். அண்ணன் தம்பி பெயரில் கணினிப் பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று. நான் கேட்பது ஒரே கேள்வி: இவர்களோடு பிறந்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர்?

பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டுமே உரிமையை நிரூபிக்காது. வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். அப்பா இறந்ததும் சொத்து வாரிசுகளுக்கு இறங்கிவிடும்; அதற்குப் பத்திரப்பதிவு தேவையில்லை. அதனால் மகளின் பங்கு வில்லங்கத்தில் தெரியாது.

அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லும், நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-லும் மகளுக்கு உரிமை கொடுத்தன. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிலும் மகளுக்குப் பங்கு உண்டு, அளவுதான் மாறும்.

ஆனால் அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றுப்பாசன ஊர்களில் இன்றும் கேட்கிற பேச்சு, "கட்டிக் கொடுத்தப்பவே நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பதுதான். நகையும் சீரும் விடுதலைப் பத்திரம் ஆகாது. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்று அக்கா வாய் திறக்கமாட்டாள். நாளைக்கு அவள் பிள்ளைகள் கேட்பார்கள். அன்று கோர்ட்டுக்கு அலைவது, கடன் வாங்கி அந்த இடத்தில் வீடு கட்டியவர்.

பத்திரம் பதிவாகிவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது, நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான்.

ஆகவே மூலப்பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் கேளுங்கள். உயில் உண்டா என்றும் கேளுங்கள். வாரிசுச் சான்றில் மகள் பெயரை விட்டிருக்கிறார்களா என்று அந்த ஊரில் நாலு பேரிடம் விசாரியுங்கள். வாரிசுகள் அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; இல்லையென்றால் பதிவான பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ இருக்க வேண்டும். நல்ல வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள். அக்கா தங்கச்சி பங்குப் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். உங்களுக்கும் அது பாதுகாப்பு. அவர்களுக்கும் அது நியாயம்.