ஆறணாவுக்கு ஒரு ரூபாய்

என் மைத்துனருக்கு ஓய்வுப் பணம் வந்து மூன்று மாதம் ஆகிறது. அதில் பாதியைப் போட்டு ஒரு சின்னக் கம்பெனியின் பங்குகளை வாங்கப் போவதாக, போன ஞாயிற்றுக்கிழமை காப்பி வேளையில் வந்து அறிவித்தார். கம்பெனிக்கு மூன்று வருஷமாக நஷ்டம்.

"அதனால்தானே மாப்பிள்ளை, விலை விழுந்து கிடக்கிறது! புத்தக மதிப்பு 42 ரூபாய். மார்க்கெட்டில் 16 ரூபாய். ஒரு ரூபாயை ஆறணாவுக்குக் கொடுக்கிறான்!"

இந்த ஆறணாக் கணக்கின்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. நானும் ஒரு காலத்தில் அதைப் போட்டவன்தான். ஒரு நாவலுக்கு வந்த பணம் முழுவதையும் ஒரு நூற்பாலையின் பங்குகளில் கொண்டுபோய்க் கொட்டினேன். இன்று அந்தப் பங்கை வாங்க ஆள் இல்லை. நாவலாவது பழைய புத்தகக் கடையில் விலை போகிறது.

புத்தக மதிப்பு என்பதுதான் என்ன, ஐயா? சொத்திலிருந்து கடனைக் கழித்து, மிச்சத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்த தொகை. அந்தச் சொத்தில் ஓர் இயந்திரம் இருந்தால், அது வாங்கின விலையில் தேய்மானம் போக மீதி என்று எழுதப்பட்டிருக்கும். சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன தருவான் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் அங்கே எழுதுவதில்லை.

என் அநுபவம் போதாதென்றால், பங்குச் சந்தைக்காரர்கள் குருவாகக் கொண்டாடும் வாரன் பஃபெட்டின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில், மாஸசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்போர்டில் பெர்க்ஷயர் ஹாத்தவே என்ற துணி ஆலைக் கம்பெனி இருந்தது. ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த கம்பெனி. 1962 டிசம்பரில் அதன் பங்கை 7.50 டாலருக்கு வாங்கத் தொடங்கினார். புத்தக மதிப்பு 20.20 டாலர். கட்டடம், இயந்திரத்தை மறந்து, கையிருப்பு, சரக்கு, வரவேண்டிய பாக்கி போன்றவற்றை மட்டும் பார்த்தாலும் 10.25 டாலர் தேறிற்று. நம் மைத்துனர் கணக்கைவிடக் கடுமையான கணக்கு. அதிலும் தேறிய பங்கு!

1964-இல் ஆலைத் தலைவர் பங்கை 11.50 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாயால் சொன்னார். கடிதத்தில் எட்டில் ஒரு பங்கு டாலரைக் குறைத்து எழுதினார். பஃபெட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. விற்பதற்குப் பதில் மேலும் வாங்கி, 1965-இல் கம்பெனியையே கைப்பற்றினார். இருபது வருஷம் தறிகளோடு மல்லாடி 1985-இல் ஆலையை மூடினார்.

மூடினபோது நடந்ததுதான் முக்கியம். சுமார் 130 லட்சம் டாலருக்கு வாங்கின இயந்திரங்கள். கணக்குப் புத்தகத்தில் மீதி மதிப்பு 8,66,000 டாலர். விற்று வந்தது 1,63,122 டாலர். 1981-இல் ஒன்று 5,000 டாலருக்கு வாங்கின தறிகளை 50 டாலருக்குக் கேட்பாரில்லை. 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போயின. கழற்றி அப்புறப்படுத்தும் கூலிக்குக்கூட அது காணவில்லை. பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒளிக்காமல் சொன்ன கணக்கு இது. அந்தப் பெயர் இன்றும் கொடிகட்டிப் பறப்பது தறியால் அல்ல. இன்ஷூரன்ஸ் முதலிய வேறு தொழில்களால்.

"நொடித்த கம்பெனி எழுந்ததே இல்லையா?" என்றார் மைத்துனர். உண்டு. அமெரிக்காவில் கைக்கோ என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பங்கு 1976-இல் இரண்டு டாலருக்கு வந்து, பிறகு நிமிர்ந்தது. ஏஜெண்டு வைக்காமல் நேரே விற்றதால் மற்றவர்களைவிடக் குறைந்த செலவில் நடத்தும் வழி அதன் கையில் இருந்தது; அது கெடவில்லை. பிரீமியத்தைக் கூட்டி, புது மூலதனம் திரட்டினார்கள். உங்கள் கம்பெனியின் கையில் அப்படிக் கெடாத சங்கதி எது என்று கேட்டேன். "கட்டடம் சொந்தக் கட்டடம்" என்றார்.

சொந்தக் கட்டடம்! கம்பெனி திவாலானால், 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி முதலில் அந்த நடவடிக்கைச் செலவு. பிறகு ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர் பாக்கியும். அப்புறம் மற்றக் கடன்காரர்கள், சர்க்கார் பாக்கி. சாதாரணப் பங்குதாரர் பந்தியின் கடைசி இலை. அதற்குள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். அந்த நாள் வரும் வரையிலும், ஒவ்வொரு வருஷ நஷ்டமும் அந்த 42 ரூபாயைத் தின்றுகொண்டே இருக்கும்.

"நீங்கள் கதை எழுதுகிறவர். எதிலும் ஒரு வில்லனைத் தேடுவீர்கள்" என்று சொல்லி, ஆண்டறிக்கையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். முன்பக்கத்துப் படங்களைத் தள்ளிவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருந்த குறிப்புகளைப் படித்தேன். வரவேண்டிய பாக்கியில் பெரும் பகுதி ஆறு மாதத்துக்கு மேற்பட்டது. அதிலும் பாதி, நிர்வாக டைரக்டரின் மருமகன் நடத்தும் கம்பெனி தரவேண்டியது. சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன். புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.