படகுக்குள் வீடு கட்டாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாய்மரப் படகில் ஏறியதே இல்லை. வளவனூரிலிருந்து ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி, கடலை அங்கே கரையில் நின்று பார்த்ததோடு சரி. "அப்புறம் உனக்கெதுக்குடா இந்த வேலை?" என்று வகுப்பில் கேட்கப் போகிறீர்கள். காரணம் எங்கள் பாட்டி. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

என் அறைத்தோழனுக்கு ஒரு பைத்தியம். 1970களில் கட்டிய 30 அடிப் பாய்மரப் படகுகளை வெளிநாட்டுக்காரர்கள் சல்லிசாக வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதிதாக்கும் வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்ப்பான். நானும் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனேன். முடிவில் "முன்பு, பின்பு" என்று இரண்டு படம் காட்டுவார்கள். முன்பு: இருட்டு, பழுப்பு மரம், குறுகலான படுக்கை, ஏகப்பட்ட கைப்பிடி. பின்பு: வெள்ளை பெயின்ட், எல்.இ.டி. விளக்கு, அகலமான சோபா, வழவழ மேஜை. அவன் "சூப்பர்டா" என்பான். எனக்கோ அந்த "முன்பு"தான் சரியாகப் படுகிறது.

அந்தக் குறுகலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. படுக்கை அகலமாக இருந்தால் படகு சாயும்போது தூங்குகிறவர் உருண்டு விழுவார். அதனால்தான் அதைக் குறுகலாக வைத்து, பக்கத்தில் ஒரு கேன்வாஸ் துணியையும் தூளி மாதிரி இழுத்துக் கட்டுகிறார்கள். மேஜை விளிம்பில் இருக்கும் சின்ன வரப்பு டம்ளர் சறுக்காமல் இருக்க. அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடுவது, படகு சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்க. குறுக்கே நிற்கும் பலகைத் தடுப்பு அறை பிரிப்பதற்கு மட்டுமல்ல, பல படகுகளில் அதுதான் படகின் உடலையே நெளியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. "இடம் விசாலமாகட்டும்" என்று அதை அறுப்பது, தூணை எடுத்துவிட்டு ஹால் கட்டுகிற கதைதான்.

'சுஹைலி' என்ற படகைப் பற்றிப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. நம்ம பம்பாயில், தேக்கு மரத்தில், 1960களில் கட்டிய 32 அடிப் படகு. 1968 ஜூனில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் திரும்பினார். 312 நாள். அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். வழியில் தென்கடலில் ஒரு அலை படகை அடித்துச் சாய்த்ததில் உள்ளே இருந்த தடுப்புகளே இடம் பெயர்ந்துவிட்டனவாம். அந்த அலை சோபாவை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நெருக்கமான ஆள் அபிலாஷ் டோமி. நம் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 2018இல் கோல்டன் குளோப் பந்தயத்துக்கு, சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டிய 'துரியா' படகில் போனார். அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல். படகு முழுசாக உருண்டது, பாய்மரம் ஒடிந்தது, அவருக்கு முதுகெலும்பு உடைந்தது. எப்படியோ உள்ளே வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். அதற்குமேல் நடக்க முடியவில்லை. இரண்டாவது சாட்டிலைட் போன் அதே படகில், அவசரப் பையில்தான் இருந்தது. அதை எடுக்க அவரால் முடியவில்லை. செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது.

32 அடிப் படகில் ஒரு பை எட்டாத தூரத்தில் இருக்கிறது! அவர் தப்பாக வைத்தார் என்று சொல்லவில்லை, சொல்ல நான் யார்? ஆனால் படகின் உள்வேலைக்கு அளவெடுப்பவர் நின்றுகொண்டு டேப் பிடிக்கக் கூடாது. அந்தப் படுக்கையில் ஒரு தடவை படுத்து, எழுந்திருக்காமல் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

(மனிதர் 2022இல் திரும்பவும் அதே பந்தயத்துக்குப் போய், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். வழியில் படகைத் தானாக ஓட்டும் கருவி உடைந்தபோது, கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குப் பாகம் செய்தாராம். புதுப்பித்தல் என்றால் அது!)

இன்னொன்று, மூடி மறைப்பது. மரத்தை உளுக்க வைப்பது பெரும்பாலும் கடல் தண்ணீர் இல்லை, மேலிருந்து கசியும் மழைத்தண்ணீர். அதனால்தான் பழைய மரப்படகில் உள்பக்கச் சட்டங்களுக்கு நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டிருப்பார்கள். அதன்மேல் அழகாக பிளைவுட்டை ஒட்டி, பட்டி பார்த்து, வெள்ளையடித்தால் கசிவு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கிற 710 மார்க் மரைன் பிளையே போட்டாலும், பின்னால் இருக்கும் பழைய மரத்தை அது காப்பாற்றாது.

இப்போது பாட்டி. போன வருஷம் எங்கள் வீட்டைப் புதுப்பித்தோம். சிமென்ட் தரை போய் வழவழ டைல்ஸ் வந்தது. பாத்ரூம் வாசலில் பாட்டி பிடித்துக்கொண்டு நடக்கும் மரச்சட்டம் ஒன்று உண்டு. அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றச் சொன்னதே நான்தான். மூன்றாம் மாதம் பாட்டி அங்கேயே வழுக்கி விழுந்தாள். போன் புது ஷோகேஸின் மேல்தட்டில், சார்ஜில் கிடந்தது. நாங்கள் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். திரும்பி வர மூன்று மணி நேரம்.

இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டது, இப்போது நடக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆசாரி மாமாவைக் கூப்பிட்டுச் சட்டத்தைத் திரும்ப மாட்டச் சொன்னேன். எந்த உயரத்தில் வைக்க என்று கேட்டார். பாட்டியைத் தரையில் உட்காரச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி அளவெடுத்தோம். "என்னடா கூத்து இது" என்று சிரித்தாள்.